முதலாளியின் முகமும் மணமேல்குடிக் காற்றும்

எங்கள் பழைய ஆபீஸில் ஏசி இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் முதலாளியைக் கருமி என்று நினைத்துவிடுவீர்கள். ஏசி அவர் அறைக்குள் இருந்தது. நாங்கள் அந்த அறைக்கு வெளியே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்தோம்.

முந்திரிப் பருப்பை வாங்கித் தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டி. நான் அங்கே மேனேஜர். மேனேஜர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டீ வரவில்லை என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள், லாரி வரவில்லை என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்கோபமும் உண்டு. லோடுமேன்கள் எனக்கு முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை.

சித்திரை பிறந்தால் பழைய ஆபீஸில் எங்களுக்கு ஒரே வேலைதான், முதலாளி அறைக்குள் போவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது. ஐந்து கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் ஐந்து தடவை தனித்தனியாகப் போவோம். கேஷியர் உள்ளே போனால் முதலாளி வீட்டில் ஆரம்பித்து, அவர் சம்பந்தி வீடு வரைக்கும் எல்லோருடைய உடல்நலத்தையும் விசாரித்துவிட்டுத்தான் வெளியே வருவார். "நம்ம ஆளுக எம்மேல எம்புட்டுப் பாசமா இருக்காங்க" என்று முதலாளி ஊரெல்லாம் பெருமை பேசினார். மார்கழியில் அந்தப் பாசம் எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

எனக்கு இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் உடம்பு தன் பாட்டுக்கு ஒரு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில் வருகிற சூடுதான். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து குப்பென்று தீ ஏறும், முகம் சிவக்கும், ரவிக்கை நனைந்துவிடும். பக்கத்து மேசைக்காரர் "என்னங்க மேடம், கோவமா?" என்பார். இல்லை என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் "ஆமா, கோவந்தான்" என்று சொல்லிவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி யாரையாவது திட்டிவைப்பேன். பாவம், எத்தனை பேர் காரணமில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே இன்னொரு வெயில்காலம் என்னால் முடியாது, வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று நான் முடிவுசெய்த சமயத்தில்தான் முதலாளி புது ஆபீஸ் கட்டப் போவதாகச் சொன்னார்.

முதலில் வந்தது முதலாளியின் மச்சினர், அதாவது அவர் மனைவியின் தம்பி. தங்கமான மனிதர், ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் அதிகம். செல்போனில் ஒரு படம் காட்டினார். தலையிலிருந்து கால்வரை நீலக் கண்ணாடி.

"புதுக்கோட்டையில இப்பக் கண்ணாடி இல்லாமக் கட்டடமே கட்டுறதில்லைங்க அத்தான். முன்பக்க எலிவேஷன்தான் முக்கியம். பாத்தவொடனே துபாயில இருக்கோமான்னு சந்தேகம் வரணும்" என்றார்.

"ஏசி எல்லாருக்குமாங்க?" என்று நான் கேட்டேன்.

"அத்தான் ரூமுக்கு ஏசி. ஒங்களுக்கெல்லாம் ஃபேன் இருக்குல்ல?"

கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பேக்கரியில் இருக்கிற முட்டைப் பப்ஸைக் கேட்டால் சொல்லும். எனக்குக் குப்பென்று ஏறியது. இந்த முறை அது நிஜமான கோபம்.

அடுத்த வாரம் அறந்தாங்கியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள். சின்ன வயசு, ஆனால் பேச்சில் பிசிறில்லை. அவள் வரைபடத்தில் யாருக்கும் ஏசி இல்லை. வெயில் மொத்தமும் இறங்குகிற மேற்குப் பக்கத்தில் மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர்ரூம் என்று வரிசையாக வைத்துத் தடித்த சுவரால் மூடிவிட்டாள். ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தில் கண்ணாடியும் இல்லை, சுவரும் இல்லை. சுட்ட மண்ணில் செய்த நீளநீளமான சிவப்புப் பட்டைகள், நடுவில் இடைவெளி விட்டு. கட்டடத்தின் நடுவே புகைபோக்கி மாதிரி மேலே திறந்த ஒரு கூண்டு.

"காத்து முன்னாடி நுழையும். உள்ள இருக்குற சூடு மேல ஏறி அந்தக் கூண்டு வழியாப் போயிரும். நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வரும் சார். மணமேல்குடிப் பக்கத்துலேருந்து வாரது. அதுக்கு மூஞ்சியக் காட்டித்தான் முன்பக்கத்தைத் திருப்பி வச்சிருக்கேன்" என்றாள்.

மச்சினர் விழுந்து விழுந்து சிரித்தார். "மணமேல்குடிலேருந்து காத்து நேரா வந்துருமாம்மா? ஆவுடையார்கோவில் தாண்டி, அறந்தாங்கியில எறங்கி, பஸ் மாறியில்ல வரணும்?"

முதலாளியும் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அது நானில்லை.

"ஐயா, காத்துக்கு டிக்கெட்டு கெடையாது. வந்தா எல்லாருக்கும் வரும். ஒங்களுக்கும் வரும், பருப்புத் தரம் பிரிக்கிற பொம்பளைக்கும் வரும். இதையே கட்டுங்க. நான் சொல்றேன், நல்லா இருக்கும்" என்றேன். கட்டடக் கலையில் நான் கரை கண்டவள் மாதிரி.

முதலாளி என்னைப் பார்த்தார், மச்சினரைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, உடனே பேரம் பேசினார். "சரி. நீ சொல்றதுக்காகக் கட்டுறேன். ஒரு சித்திரை பாப்போம். உள்ள உக்கார முடியலைன்னா அந்த ஓட்டையெல்லாம் அடைச்சுக் கண்ணாடி போட்டு, என் ரூமுக்கு ஏசி வச்சிருவேன். அப்ப நீ வாயே தொறக்கக் கூடாது."

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்பது இதுதான். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தின் சூடு, குளிர் எல்லாம் என் தலையில்.

கட்டடம் எழுந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு அழகை எங்கள் ரோட்டில் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சிவப்புப் பட்டையும் பக்கத்துப் பட்டையைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்கும். பஸ்ஸில் போகும்போது பார்த்தால், கட்டடம் மெதுவாகக் கண்ணைத் திறந்து மூடுகிற மாதிரி இருக்கும். சனங்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். அதற்கு இடியாப்பத் தட்டு என்று பெயர் வைத்தார்கள். "இடியாப்பத் தட்டெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்த, ஆபீஸ் மொத்தமும் இறங்குவோம். முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் திருமயம் பக்கத்திலிருந்து வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பூச்சு வேலை எப்ப முடியும்?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று சொன்னதும், பணம் போதவில்லையோ என்று முதலாளியின் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மாசியில் குடிபோனோம். பங்குனியில் காற்று வந்தது. வந்ததா? ஐயோ! மேசையில் ஒரு தாள் நிற்கவில்லை. ஆளாளுக்கு ரோட்டோரத்திலிருந்து செங்கல் துண்டும் கருங்கல்லும் பொறுக்கி வந்து தாள் மேல் வைத்தார்கள். கேஷியர் இடது காதுக்கு மேலிருந்து நாலு முடியை இழுத்து வலது காது வரைக்கும் ஒட்டி வைத்திருப்பார். முதல் வாரமே காற்று அதைக் கொடி மாதிரி தூக்கி நிறுத்திவிட்டது. மனிதர் மறுநாள் மொட்டையடித்துக்கொண்டு வந்து, பழனிக்கு வேண்டுதல் என்று சொன்னார். நான் முன்பக்கத்து ஓரமாக உட்கார்ந்து, உடம்பு தீப்பிடிக்கும்போதெல்லாம் முகத்தை அந்தப் பட்டைகளின் பக்கம் திருப்பிக்கொள்வேன். யாரையும் திட்டவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று லோடுமேன்கள் விசாரித்தார்கள்.

"பங்குனிக் காத்தெல்லாம் கணக்குல வராது. சித்திரை வரட்டும்" என்றார் முதலாளி.

சித்திரை வந்தது. கூடவே முதலாளியின் அறுபதாம் கல்யாணமும் வந்தது.

எங்கள் மாவட்டத்தில் காதுகுத்து என்றால் ஃபிளக்ஸ். சடங்கு என்றால் ஃபிளக்ஸ். மாடு ஜல்லிக்கட்டில் பிடிபடாமல் ஓடிவந்தால் அந்த மாட்டுக்கு ஃபிளக்ஸ். முதலாளிக்கு அறுபது என்றால் சும்மா விடுவார்களா? மச்சினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துச் சவுக்குக் கம்பு நட்டு, கட்டடத்தின் உச்சியிலிருந்து வாசல் நிலை வரைக்கும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஃபிளக்ஸாக இழுத்துக் கட்டிவிட்டார். நடுவில் முதலாளியின் முகம், மாடி உயரத்துக்கு, பல் தெரிய. பிரிண்ட் போட்டவர் அவரைச் சலவை செய்து வெளுப்பாக்கியிருந்தார். பக்கத்தில் காரணமில்லாமல் ஒரு சிங்கம். கல்யாணப் பெண்ணான முதலாளியம்மா கீழே ஒரு மூலையில், சிங்கத்தின் வாலுக்குப் பக்கத்தில், சிறிய வட்டத்துக்குள் இருந்தார். திங்கட்கிழமை வந்த நாங்கள் எல்லோரும் நின்று பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே குனிந்து உள்ளே போனோம்.

அன்றைக்கே உள்ளே இருட்டாக இருந்தது. லைட்டைப் போட்டோம். புழுங்கியது. ஃபேனைக் கூட்டினோம். தாளெல்லாம் அசையாமல் கிடந்தது. கல்லையெல்லாம் எடுத்துக் கீழே வைத்தோம். எங்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். ஒருவருக்கும் புத்தி வரவில்லை. சித்திரை என்றால் இப்படித்தான் என்று எல்லோரும் நம்பினோம். நானே நம்பினேன், அதுதான் கொடுமை. அந்த இன்ஜினியர் பெண்ணின் படிப்பும் என் வாயும் சேர்ந்து தோற்றுவிட்டன என்று நினைத்தேன். நாளுக்கு நாலு முறை முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஒருநாள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முதலாளி தன் அறையிலிருந்து பனியனோடு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஒன் மணமேல்குடிக் காத்து அறந்தாங்கியில பஸ்ஸை விட்டுருச்சா? வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரர் அளவெடுக்க வாராரு" என்றார். நான் வாயே திறக்கவில்லை. பேரம் பேரம்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் உள்ளே இருக்க முடியாமல் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய் நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. என்னடா இது என்று நிமிர்ந்து பார்த்தேன். புளியமரம் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரரின் லுங்கி படபடத்தது. எதிரே எங்கள் ஆபீஸ். முதலாளியின் ராட்சத முகம் காற்றில் அமுங்கிப் போய், கன்னமெல்லாம் உள்வாங்கி, அந்தச் சிவப்புப் பட்டைகளின் மேல் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று அத்தனை தூரம் வந்து, வாசல் வரைக்கும் வந்து, முதலாளியின் மூக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதானே!

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் போய் என்னவென்று சொல்வது? "ஐயா, ஒங்க மூஞ்சிதான் எடைஞ்சல்" என்றா?

முதலில் மச்சினருக்குப் போன் போட்டு, கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா என்று பதமாகக் கேட்டேன். மனிதர் பதறிவிட்டார். "என்னங்க பேசுறீங்க! கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை மொகத்தைக் கழட்டுறதா? அபசகுனங்க! எங்கக்கா தாலி விஷயம்!" குரல் உடைந்தது. உண்மையிலேயே பயந்துபோனார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடுத்து ஃபிளக்ஸ் கட்டியவரைப் பிடித்தேன். பெரிய ஃபிளக்ஸில் காற்று போக அரைவட்டமாகக் கிழித்து விடுவார்களே, அதைச் செய்யுங்கள் என்றேன். அவர் ஃபிளக்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கிட்டுங்க கிழிக்கிறது? மேல கிழிச்சா நெத்தி. நடுவுல கிழிச்சா வாய். கீழ கிழிச்சாக் கழுத்து. மொதலாளி கழுத்துல கத்தி வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரர் டேப்போடு வந்தார். அதே நேரத்தில் காரும் வந்தது. முதலாளியம்மா இறங்கினார். அவரை நாங்கள் ஆச்சி என்போம். அவர்கள் குடும்பங்களில் வீட்டு அம்மாவை அப்படித்தான் அழைப்பது. வீட்டுக் கல்யாணம் என்றால் வேலை பார்ப்பவர்களைக்கூட நேரில் வந்து குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பட்டுப் புடவையும் கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழுமாக, கூடவே தம்பியும் வர, உள்ளே நுழைந்தார். ஆபீஸ் விஷயத்தில் அவர் ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை.

கண்ணாடிக்காரர் முன்பக்கம் டேப்பை இழுத்தார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "ஓட்டை முழுக்க அடைச்சிருங்க. என் ரூமுக்கு மட்டும் ஏசிக்கு வழி விட்டாப் போதும்" என்றார். ஆச்சி குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினார். சரியாக அந்த நேரத்தில் எனக்கு உள்ளே அடுப்புப் பற்றிக்கொண்டது. நெற்றியில் வைத்த குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஐயா, காத்து வந்துருச்சு. வெளிய நிக்கிது. ஒங்க மொகம்தான் மறிச்சுக்கிட்டு இருக்கு" என்றேன்.

கேஷியர் மேசைக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தார்.

"என்ன சொன்னே?" என்றார் முதலாளி.

"அந்த ஃபிளக்ஸுங்கய்யா. அது வந்த நாள்லேருந்துதான் வேகுது. வேணும்னா டீக்கடையில போய் நின்னு பாருங்க. அதைக் கழட்டிட்டு அளவெடுங்க. இல்ல, கண்ணாடிதான்னா எனக்குக் கணக்கு முடிச்சு விட்டுருங்க. எனக்கு ஒடம்பு எரியுதுங்கய்யா. வயசு அப்படி. ராத்திரி பகல்னு இல்ல, நெஞ்சுல தீ வச்ச மாதிரி எரியுது. இந்தப் பங்குனி ஒரு மாசந்தான் நான் மனுசியா இருந்தேன்."

சொல்லி முடித்ததும்தான் இத்தனை ஆண்களுக்கு நடுவில் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வெட்கத்தில் தலை குனிந்துவிட்டேன். "ஃபிளக்ஸைக் கழட்டவே கூடாது, சகுனம்..." என்று மச்சினர் ஆரம்பித்தார்.

"தம்பி, சும்மா இரு" என்று ஆச்சி சொன்னார்.

எல்லோரும் திரும்பினோம். ஆச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலுதட்டிலும் முத்துமுத்தாக வேர்த்திருந்தது. கழுத்துச் சங்கிலிக்குக் கீழே பட்டுப் புடவை நனைந்திருந்தது.

"இவுக மொகத்தை நான் கல்யாணமான நாள்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "காத்து எப்படி இருக்குன்னுதான் பாத்ததில்ல. கழட்டச் சொல்லு."

அப்புறம் என்ன, லோடுமேன்கள் ஏறினார்கள். முதலாளியின் முகம் தரையில் படக் கூடாது என்று மச்சினர் கீழே நின்று அலறினார். "தலையைப் பாத்துடா! மூக்கை மடிக்காத! மெதுவா, மெதுவா, அத்தான் கண்ணு!" சாமி தூக்குகிற மாதிரி ஏழெட்டுப் பேர் அதைத் தாங்கி மடித்துக் கொண்டுபோனார்கள்.

உள்ளே வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காலண்டர் தாள் ஒன்று அசைந்தது. பிறகு மேசையிலிருந்த தாள்கள் மொத்தமாகக் கிளம்பின. குளிர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், சித்திரையில் ஏது குளிர்? ஆனால் வேர்வை காய்ந்தது. மூச்சு விட முடிந்தது. முதலாளி ஹாலின் நடுவில், கூண்டுக்குக் கீழே நின்று வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டேப்போடு நின்றவரிடம், "டீ சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். கண்ணாடிப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆச்சி என் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புப் பட்டைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அழைப்பு மறந்தது, குங்குமச் சிமிழ் மேசையில் கிடந்தது.

"போவமா? இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்லணும்" என்று முதலாளி வந்து கூப்பிட்டார்.

"நீங்க போங்க. நான் வாரேன்" என்றார் ஆச்சி, கண்ணைத் திறக்காமல்.

கார் போன பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். "எனக்கும் ரெண்டு வருசமா இப்படித்தான் எரியுது. வீட்டுல ஏசி இருக்கு. போட்டா அவுகளுக்குச் சளி புடிக்குமாம், நிப்பாட்டிருவாக. யார்ட்டயும் சொன்னதில்ல. இதெல்லாம் போய்ச் சொல்லுவாகளான்னு இருந்துட்டேன்." அப்புறம் இத்தனை பெரிய கம்பெனியின் முதலாளியம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை டீச்சரிடம் கேட்பது மாதிரி என்னிடம் கேட்டார். "நாளைக்கும் நான் வரலாமா?"

எழுந்து போய், முதலாளி அறையிலிருந்த நல்ல நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் காற்று வருகிற பக்கமாகப் பார்த்துப் போட்டேன்.